மூன்று தடவை போதுமா? – ஒரு கதிர்வீச்சுக் கேள்வியின் வரலாறு

போன வருடம் என் பெரியம்மாவுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 66. மாதவிடாய் நின்று பதினைந்து வருடம் கழித்து லேசாக இரத்தக்கசிவு. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஸ்கேன், பயாப்ஸி, ஆபரேஷன் எல்லாம் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்தது. கருப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

எடுத்த கருப்பையைப் பரிசோதித்த ரிப்போர்ட் வந்தது. கட்டி கருப்பையின் தசைச்சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, ஆனால் வெளியே பரவவில்லை. டாக்டர் சொன்னார்: "வெளியிலிருந்து கொடுக்கிற கதிர்வீச்சு வேண்டாம். உள்ளே வைத்துக் கொடுப்பது மூன்று தடவை போதும்."

வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு 25 நாள் கரண்ட் வைத்தார்களே! (நம்ம ஊரில் கதிர்வீச்சுக்கு இன்னும் "கரண்ட்" என்றுதான் பெயர்.) நமக்கு மட்டும் ஏன் மூணு தடவை? அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே. காசு போனா போகுது. முழுசா வைக்கச் சொல்லிடலாமா?"

எதிர்வீட்டு அக்கா விஷயம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. அவருக்கு வந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். பெரியம்மாவுக்கு வந்தது கருப்பையின் உட்சுவரில். பெயரில் பாதி ஒன்றுதான், ஆனால் நோய் வேறு, காரணம் வேறு, சிகிச்சையும் வேறு.

அண்ணனின் கேள்வி அப்படித் தீரவில்லை. அதிகமாகக் கொடுத்தால் அதிகப் பாதுகாப்புதானே? அன்றைக்கு இரவு படிக்க உட்கார்ந்தவன், மூன்று மாதம் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் பலரும் இதே கேள்வியை ஐம்பது வருடமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் சாஃப்ட்வேர் ஆள், டாக்டர் இல்லை. இது வரலாறு, மருத்துவ ஆலோசனை அல்ல.

ரேடியம் காலம்

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருவது. அந்த வயதில் இரத்தக்கசிவு என்பது தானாகவே அடிக்கிற அலாரம். அதனால் நிறைய பேருக்கு நோய் கருப்பைக்குள் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. கருப்பையை எடுத்தாலே பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபரேஷனே உயிருக்கு ஆபத்தான விஷயம். ஆன்ட்டிபயாட்டிக் கிடையாது. இந்த நோய் வருகிறவர்களில் பலர் வயதானவர்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பவர்கள். அதனால் 1898-ல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த ரேடியத்தின் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ரேடியம்ஹெம்மெட் என்ற மருத்துவமனை 1910-ல் தொடங்கியது. அங்கே ஜேம்ஸ் ஹேமன் என்ற மருத்துவர், ரேடியம் அடைத்த சின்னச் சின்னக் குப்பிகளைக் கருப்பைக்குள் நெருக்கமாக அடுக்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல நாடுகளில் பல பத்தாண்டுகள் இந்த முறை ஓடியது.

பிறகு ஆபரேஷன் பாதுகாப்பானதாக மாறியது. ரேடியம் துணைக்கு வந்தது. கருப்பையை எடுத்த பிறகும் சிலருக்கு நோய் திரும்பி வந்தது. எங்கே என்று பார்த்தால், பல தடவை ஒரே இடம்: கருப்பை இருந்த இடத்தில் தைத்து மூடிய யோனியின் மேல்முனை. அந்த இடத்துக்குக் கொஞ்சம் ரேடியம் வைக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். 1951-ல் கனடாவில் கோபால்ட் மெஷின் வந்தது. உடம்பின் ஆழத்துக்கு வெளியிலிருந்தே கதிரை அனுப்ப முடிந்தது. அப்படியானால் இடுப்புப் பகுதி முழுவதற்கும், அங்குள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே?

கொடுத்தார்கள். இடுப்பில் நோய் திரும்புவது குறைந்த மாதிரி தெரிந்தது. ஆனால் "மாதிரி தெரிந்தது" என்பதுதான் சிக்கல். யாருக்குக் கொடுப்பது என்று டாக்டரே முடிவு செய்தால், நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு அதிகம் கொடுத்திருக்கலாம், அல்லது மோசமான நோய் உள்ளவர்களுக்கு அதிகம் கொடுத்திருக்கலாம். எந்தப் பக்கம் தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் வேலையிலும் இது உண்டு. புது வெர்ஷனைப் பணக்கார வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு "விற்பனை கூடிடுச்சு" என்று சொல்கிற கதை.

ஆஸ்லோ, 1968

இதைச் சரியாகச் சோதித்தது நார்வே. தலைநகர் ஆஸ்லோவில் இருக்கும் நார்வே ரேடியம் மருத்துவமனையில் 1968 முதல் 1974 வரை, முதல் நிலை நோய் இருந்த 540 பெண்கள். எல்லோருக்கும் ஆபரேஷன். எல்லோருக்கும் யோனிக்குள் ரேடியம். அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இடுப்புக்கு வெளியிலிருந்தும் கதிர்வீச்சு. மறு பாதிக்கு அதற்கு மேல் எதுவும் இல்லை.

யான் ஆல்டர்ஸும் சகாக்களும் 1980-ல் முடிவை வெளியிட்டார்கள். யோனியிலோ இடுப்பிலோ நோய் திரும்பியவர்கள்: ரேடியம் மட்டும் பெற்றவர்களில் 6.9 சதவீதம், கூடுதலாக வெளிக்கதிரும் பெற்றவர்களில் 1.9 சதவீதம். பெரிய வெற்றி. அடுத்த வரிக்குப் போனால்? நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளில் நோய் வந்தது: ரேடியம் மட்டும் 5.4 சதவீதம், வெளிக்கதிரும் சேர்ந்தால் 9.9 சதவீதம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: ரேடியம் மட்டும் 91 சதவீதம், இரண்டும் சேர்த்து 89 சதவீதம்.

இதை நான் மூன்று தடவை படித்தேன். சிகிச்சை தன் வேலையைச் செய்திருக்கிறது. இடுப்பில் நோய் திரும்புவதைத் தடுத்திருக்கிறது. ஆனாலும் யாரும் கூடுதலாக வாழவில்லை. கட்டி ஆழமாக இறங்கியும், செல்கள் மிக மோசமான தரத்திலும் (மூன்றாம் கிரேடு) இருந்த ஒரு சிறு குழுவுக்கு மட்டும் பயன் இருக்கலாம் என்று ஆல்டர்ஸ் எழுதினார்.

இது எப்படி? எனக்குப் புரிந்தவரை இரண்டு காரணம். ஒன்று, உயிரை எடுப்பது பெரும்பாலும் இடுப்பில் திரும்பும் நோய் அல்ல, ஆபரேஷனுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாமல் தூரத்துக்குப் போய்விட்ட செல்கள். இடுப்புக்கு வேலி போட்டு அதைப் பிடிக்க முடியாது. இரண்டாவது காரணத்தைக் காட்டியது நெதர்லாந்து.

எதுவுமே கொடுக்காவிட்டால்?

ஆஸ்லோ சோதனையில் எல்லோருக்கும் ரேடியம் உண்டு. "ஆபரேஷனோடு நிறுத்திக்கொண்டால் என்ன?" என்று அது கேட்கவில்லை. அதைக் கேட்டது போர்டெக்-1. 1990 முதல் 1997 வரை, நெதர்லாந்தின் 19 மையங்கள், 715 பெண்கள். ஒரு பாதிக்கு இடுப்புக்கு 46 கிரே வெளிக்கதிர், ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 23 தடவை. மறு பாதிக்குக் கதிர்வீச்சே கிடையாது.

கரீன் க்ராய்ட்ஸ்பெர்க் தலைமையில் 2000-ல் லான்செட் இதழில் வந்த முடிவை நூறு பேர் கணக்காகச் சொல்கிறேன். ஐந்து வருடத்தில் யோனியிலோ இடுப்பிலோ நோய் திரும்பியவர்கள், கதிர்வீச்சு இல்லாமல் 14 பேர், கதிர்வீச்சோடு 4 பேர். உயிரோடு இருந்தவர்கள், கதிர்வீச்சு இல்லாமல் 85 பேர், கதிர்வீச்சோடு 81 பேர். இந்த நாலு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான். ஆனால் கதிர்வீச்சு ஆயுளைக் கூட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. சிகிச்சையால் ஏதோ ஒரு தொந்தரவு வந்தவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்களில் 25 சதவீதம், பெறாதவர்களில் 6 சதவீதம். பெரும்பாலும் லேசானவை.

அந்த 14 பேரை மட்டும் தனியாகப் பார்த்தபோதுதான் கதை எனக்குத் திறந்தது. அவர்களில் நாலில் மூன்று பங்கு பேருக்கு நோய் திரும்பிய இடம் அதே பழைய யோனி மேல்முனைதான். அதைக் கண்டுபிடிக்கவும் முடியும், அப்போது கதிர்வீச்சு கொடுத்துக் குணப்படுத்தவும் பெரும்பாலும் முடியும். கதிர்வீச்சே பெறாமல் இருந்து, பிறகு யோனியில் மட்டும் நோய் திரும்பியவர்களில் இரண்டு வருடம் கழித்து 79 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இடுப்பிலோ தூரத்திலோ திரும்பியவர்களில் 21 சதவீதம்தான்.

ஆக, முதலிலேயே எல்லோருக்கும் கொடுத்தால், 100 பேரில் 10 பேருக்கு நோய் திரும்புவதைத் தடுக்கிறோம். 86 பேருக்குத் தேவையே இல்லாமல் கொடுக்கிறோம். அந்தப் பத்துப் பேரிலும் பலரைப் பிறகு காப்பாற்ற முடிந்திருக்கும்.

நோய் திரும்புவது ஒன்றுமில்லாத விஷயம் என்று நான் சொல்லவரவில்லை. "மறுபடி வந்துடுச்சு" என்ற ஒரு வார்த்தை வீட்டை என்ன செய்யும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த ஆய்வாளர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள். யாருக்குத் திரும்பும்? வயது 60-க்கு மேல், கட்டி தசைச்சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருப்பது, மூன்றாம் கிரேடு. இந்த மூன்றில் இரண்டு இருந்தால், கதிர்வீச்சு இல்லாமல் பத்து வருடத்தில் யோனியிலோ இடுப்பிலோ திரும்பும் வாய்ப்பு 23 சதவீதம். கதிர்வீச்சோடு 5 சதவீதத்துக்கும் கீழே. மற்றவர்களுக்குச் சும்மா இருப்பதே நல்லது.

பெரியம்மாவுக்கு வயது 66, கட்டி பாதிக்கு மேல். இரண்டு இருக்கிறது.

மற்ற நாடுகளும் அதையே சொல்லின

ஒரு நாட்டின் முடிவு போதாது அல்லவா? அமெரிக்காவில் கோக்-99 என்ற சோதனை, 392 பெண்கள், முடிவு வந்தது 2004-ல். இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாமல் 12 சதவீதம், கதிர்வீச்சோடு 3 சதவீதம். நாலு வருட ஆயுள் 86-க்கு 92. நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பிறகு 2009-ல் ஆஸ்டெக்/ஈ.என்.5. ஏழு நாடுகள், 112 மையங்கள், 905 பெண்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் 84 சதவீதம். நான்கு சோதனைகள், நான்கு விதமான மருத்துவ அமைப்புகள். திரும்புவது குறைகிறது, ஆயுள் கூடவில்லை.

நான் சொன்ன இரண்டாவது காரணம் இங்கே வருகிறது. போர்டெக்-1-ல் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் புற்றுநோயால் இறக்கவே இல்லை. இதயநோய், வேறு புற்றுநோய், மற்ற வயோதிக நோய்கள். இந்த நோயாளிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர்களின் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். நாம் இடுப்புக்கு எத்தனை நாள் கரண்ட் வைப்பது என்று பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பில் வருவது இருபது வருடம் கழித்து

நார்வேயில் புற்றுநோய் வந்த ஒவ்வொருவரையும் தேசிய அளவில் பதிவு செய்யும் வழக்கம் 1950-களிலிருந்தே உண்டு. அதனால் ஆஸ்லோ பெண்களை யாரும் தொலைக்கவில்லை. 1980 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் மத்தியாஸ் ஆன்ஸ்ருட். 33 வருடம் கழித்து, 2013-ல், அதே பெண்களைப் பற்றிய அடுத்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. ஒரு கேள்வியோடு இத்தனை வருடம் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். எங்கள் துறையில் மூன்று வருடப் பழைய கோடைத் திறந்து பார்க்கவே ஆள் கிடையாது.

முடிவு? இரு பக்கமும் சராசரி ஆயுள் ஏறக்குறைய 20.5 வருடம். அச்சு அசலாக ஒன்று. ஆனால் சிகிச்சையின்போது 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களில், வெளிக்கதிர் பெற்றவர்களிடம் இறப்பு அதிகம். வேறொரு புதிய புற்றுநோய் வரும் ஆபத்தும் அவர்களுக்கு இரண்டு மடங்கு. இருபது முப்பது வருடம் வாழ வாய்ப்பு இருந்தவர்களிடம்தான் அந்தக் கதிர் பிறகு வந்து பில் நீட்டியிருக்கிறது. (அந்தக் காலத்து மெஷினும் முறையும் வேறு, இன்றைக்கு அளவும் குறியும் துல்லியம். அதை மறக்கக் கூடாது.)

நெதர்லாந்திலும் சுமார் 15 வருடம் கழித்துப் பழைய நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள்? வெளிக்கதிர் பெற்றவர்களிடம் சிறுநீர் கசிவு, வயிற்றுப்போக்கு, மலக் கசிவு எல்லாமே கூடுதல். இரவும் பகலும் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றவர்கள் அவர்களில் 43 சதவீதம், கதிர்வீச்சு பெறாதவர்களில் 15 சதவீதம்.

"லேசான தொந்தரவு" என்று ஐந்தாம் வருட அட்டவணையில் இருந்த சொல்லுக்குப் பதினைந்தாம் வருடத்தில் இதுதான் அர்த்தம். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்று தேடுவது. பஸ் பயணத்தைத் தவிர்ப்பது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டோடு இருப்பது. நம்ம ஊர் அம்மாக்கள் இதையெல்லாம் டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மூன்று தடவை எங்கிருந்து வந்தது

நோய் திரும்பும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான் என்றால், அந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விதான் போர்டெக்-2. 2002 முதல் 2006 வரை, ஆபத்து கொஞ்சம் கூடுதலான 427 பெண்கள். ஒரு பாதிக்கு இடுப்பு முழுவதும் வெளிக்கதிர். மறு பாதிக்கு யோனிக்குள் ஒரு குழாயை வைத்து, அதன் வழியாகக் கதிரியக்க மூலத்தைச் சில நிமிடம் அனுப்பித் திரும்ப எடுக்கும் பிரேக்கிதெரபி. வழக்கமான அளவு 7 கிரே வீதம் மூன்று தடவை.

2010-ல் ரெமி நவுட்டும் குழுவினரும் வெளியிட்ட முடிவு: ஐந்து வருடத்தில் யோனியில் நோய் திரும்பியது வெளிக்கதிரில் 1.6 சதவீதம், உள்ளே வைத்ததில் 1.8 சதவீதம். ஆயுளில் வித்தியாசம் இல்லை. சிகிச்சை முடியும் தறுவாயில் வயிறு, குடல் தொந்தரவு வெளிக்கதிரில் 54 சதவீதம், உள்ளே வைத்ததில் 13 சதவீதம். இடுப்பில் நோய் திரும்புவது மட்டும் உள்ளே வைத்தவர்களிடம் சற்று அதிகம், ஆனால் அதுவும் ஒருசிலருக்குத்தான்.

டாக்டர் சொன்ன "மூன்று தடவை போதும்" இங்கிருந்து வந்தது. அது காசைப் பார்த்தோ, வயதானவர்தானே என்று அலட்சியமாகவோ சொன்னது அல்ல.

அடுத்த கேள்வி

கதை இங்கே முடியவில்லை. 2013-ல் கட்டிகளின் மரபணுவை அலசி, ஒரே பெயரில் நான்கு வேறு நோய்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். அதில் ஒரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.ஏ.-வை நகல் எடுக்கும்போது எழுத்துப்பிழை திருத்தும் பகுதி (பி.ஓ.எல்.இ. என்ற மரபணு) கெட்டுப்போய்விடுகிறது. கட்டியில் பிழையோ பிழை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பயங்கரமாக இருக்கும். ஆனால் இந்த வகை நோயாளிகள்தான் மிக நன்றாகப் பிழைக்கிறார்கள். இவ்வளவு பிழை உள்ள செல்லை உடம்பின் காவல்படை சுலபமாக அடையாளம் கண்டுகொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு வகையில் பி53 என்ற மரபணு கெட்டிருக்கும். அது நேர் எதிர். ஆபத்து அதிகமுள்ளவர்களைச் சோதித்த போர்டெக்-3-ல், இந்த வகைக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 36 சதவீதம். கீமோவும் சேர்த்தபோது 59 சதவீதம். இங்கே "அதிகம் கொடு" என்பது சரியான பதில். பி.ஓ.எல்.இ. வகையில் இரு பக்கமும் ஏறக்குறைய யாருக்குமே திரும்பவில்லை. அங்கே அதே பதில் தேவையில்லாத தண்டனை. ஒரே நோய், ஒரே கிரேடு என்று நாம் நினைத்த இரண்டு பேருக்கு நேர் எதிரான சிகிச்சை.

அண்ணனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. நோட்டில் நூறு புள்ளி வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கம்மியா கொடுக்கறதும் வைத்தியம்தான்னு சொல்ற" என்றார். ஆமாம் அண்ணே, அதேதான். நான் மூன்று மாதம் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பெரியம்மாவுக்கு மூன்று தடவை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு செக்கப்புக்கும் தவறாமல் போகிறார். டாக்டரிடம் இப்போது நாங்கள் அதிகம் கேட்பது சர்க்கரையைப் பற்றி.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. 1968-ல் ஆஸ்லோவில் குலுக்கிப் போட்டதில் "ரேடியம் மட்டும்" பக்கம் விழுந்த பெண்கள். தங்களுக்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டிலும் யாராவது சண்டை போட்டிருப்பார்கள். ஆபரேஷன், உள்ளே மட்டும் கதிர், அவ்வளவுதான். பெரியம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சையும் ஏறக்குறைய அதேதான். அது போதும் என்று ஒரு டாக்டர் இன்றைக்குத் தைரியமாகச் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முதல் சாட்சி அந்தப் பெண்கள்தான்.